பூச்சிகளைக் கொன்றவர்கள்

அன்று காலை நான் ஷிப்டுக்குப் போனபோது பிளான்ட் கேட்டில் ஒரு கூடை செத்த மீன் கொட்டிக் கிடந்தது. யார் கொட்டியது என்று விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை. காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மீன்காரக்கா அங்கேயேதான் நின்றிருந்தாள். எங்கள் பிளான்ட் தண்ணீர் ஆற்றில் விழும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே அவளுடைய படகுத்துறை.

"இந்தா, உங்க பிளான்ட் பெத்த பிள்ளைங்க. எடுத்து வளத்துக்கோ" என்றாள்.

"அக்கா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க."

"என்னத்தக் கேக்குறது? பதினோரு வருஷமா உன் மூஞ்சியப் பாக்குறேன். ஒரு வார்த்தை, 'அக்கா, தண்ணி சரியில்ல, வலை போடாதீங்க'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? எத்தனை சோப்புப் போட்டும் நாத்தம் போகல. மோந்து பாரு."

கையை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். முகர்ந்தேன். அவள் போன பிறகு மண்வெட்டி எடுத்து வந்து மீன்களை அள்ளினேன். செவுள்களெல்லாம் வெளுத்துப் போயிருந்தன. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. தண்ணீர் சரியில்லை என்று எனக்குப் பத்து நாளாகவே தெரியும்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஊர்க் கழிவுநீர் முழுக்கக் குழாய் வழியாக எங்களிடம் வருகிறது. நீச்சல் குளம் போன்ற பெரிய தொட்டியில் அதை விட்டு, ப்ளோயர் வைத்து இரவு பகலாகக் காற்று ஊதுவோம். தொட்டிக்குள் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நாங்கள் அவற்றைப் பூச்சி என்போம். அவைதான் அழுக்கைத் தின்று, பெருகி, கனத்து, அடுத்த தொட்டியில் அடியில் போய்ப் படியும். மேலே நிற்கும் தெளிந்த தண்ணீர் ஆற்றுக்குப் போகும். பூச்சி நன்றாக இருந்தால் தொட்டி ஈர மண் நிறத்தில் இருக்கும். வாசனைகூட மழை பெய்த மண் வாசனைதான். சாக்கடையில் வேலை பார்க்கிறவள் என்று மூக்கைப் பொத்துகிறவர்களைக் கூட்டிவந்து அந்தத் தொட்டி ஓரம் நிறுத்த வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

லேபில் ஒரு பழைய மைக்ரோஸ்கோப் இருக்கிறது. தினமும் ஒரு சொட்டு எடுத்துப் பார்ப்பேன். மணி வடிவத்தில், காம்பு வைத்த பூச்சி ஒன்று உண்டு. ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடி, வருவதையெல்லாம் உள்ளே இழுக்கும். என்னோடு ஷிப்டில் இருக்கும் ரேடியோ அண்ணன் அதற்குக் 'கவுன்சிலர்' என்று பேர் வைத்திருந்தார். அவருக்கு ரேடியோ என்ற பேர் ஏன் வந்தது என்று சொல்ல வேண்டாம். தூங்கும்போதும் பேசுகிற ஆள்.

முதலில் தொட்டியில் வெள்ளை நுரை வந்தது. நாலைந்து நாளில் நிறம் சாம்பலானது. பிறகு அழுகிய முட்டை நாற்றம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது ஒன்றும் அசையவில்லை. கவுன்சிலர்கள் காம்பு சுருண்டு கிடந்தார்கள். ரேடியோ அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

எஞ்சினியரிடம் அன்றே எழுத்தில் கொடுத்தேன். "ஊர்ல பீதி கிளப்பாதீங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்தது.

மீன் கொட்டிய மறுநாள் பேப்பரில் வந்துவிட்டது: 'பிளான்ட் ஊழியர்களின் அலட்சியத்தால் ஆற்றில் மீன்கள் பலி.' மத்தியானம் எஞ்சினியர் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் எனக்கான மெமோ தயாராக இருந்தது. ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும்.

"உக்காருங்கம்மா" என்றார். குரலில் தேன் ஒழுகியது. "ப்ளோயர் ரெண்டு மணி நேரம் நின்னு போச்சு, நான் கவனிக்கலன்னு எழுதிக் குடுத்துடுங்க. சின்ன எச்சரிக்கையோட முடிச்சுடறேன்."

"ப்ளோயர் நிக்கவே இல்லையே சார்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்றீங்க?"

"ஊருக்கு ஒரு காரணம் வேணும்லம்மா. காரணம் கிடைச்சா நாலு நாள்ல மறந்துடுவாங்க."

"அந்தக் காரணம் நானா சார்?"

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். நான் மெமோவை எடுத்துக்கொண்டு எழுந்தேன். என் தலையில் மிளகாய் அரைக்க இவர் எத்தனை நாளாக அம்மி தேடிக்கொண்டிருந்தாரோ!

வீட்டுக்கு வந்ததும் உடைந்து போனேன். சாப்பாட்டு மேஜையில் தலை கவிழ்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தலையைத் தடவிவிட்டார். "எல்லாம் சரியாயிடும், விடு" என்றார். இந்த மனுஷனாவது நம் பக்கம் இருக்கிறாரே என்று அந்த நிமிஷம் ஆறுதலாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. என் பூச்சிகள் தாமாகச் சாகவில்லை, யாரோ கொன்றிருக்கிறார்கள் என்று தோன்றியது. பிளான்டுக்குள் வரும் தண்ணீரை மணிக்கொரு தடவை சோதித்து நோட்டில் எழுதுவது என் வழக்கம். மூன்று வாரத்து நோட்டைப் புரட்டினேன். செவ்வாய், வெள்ளி. பதினொன்றே முக்கால் வாக்கில் தண்ணீரில் புளிப்பு எகிறியிருந்தது, ஒரு மணிக்கெல்லாம் பழையபடி ஆகியிருந்தது. இப்படி ஐந்து தடவை. யாரோ வாரம் இரண்டு நாள், ஆபீசுக்குப் போகிற மாதிரி நேரம் தவறாமல், குழாயில் ஆசிட் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ரேடியோ அண்ணனும் நானும் கிளம்பினோம். கொக்கி, கயிறு கட்டிய குவளை, ஆசிட் பட்டால் சிவக்கும் சோதனைக் காகிதம், பாட்டில்கள். மேன்ஹோல் மூடியைக் கொக்கி போட்டுத் தூக்குவோம், குவளையை இறக்குவோம். தலையை உள்ளே நீட்டவே மாட்டோம். அந்தக் குழிக் காற்று ஆளை ஒரே மூச்சில் சாய்த்துவிடும். இரண்டு பெரிய குழாய்கள் சேரும் சந்திப்பில் முதலில் நின்றோம். கடைவீதிப் பக்கமிருந்து வந்த தண்ணீரில் காகிதம் பச்சையாகவே இருந்தது. பட்டறைத் தெருப் பக்கமிருந்து வந்ததில் பதினொன்றரைக்குச் சிவந்தது.

"கிடைச்சான்" என்றார் ரேடியோ அண்ணன்.

ஒவ்வொரு மூடியாகத் திறந்துகொண்டு தெருவில் மேலே நடந்தோம். தச்சுப் பட்டறை, டயர் கடை, அச்சகம். எதிரே வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். ஒருத்தர் "மீனைக் கொன்னது பத்தலையா, இங்கயும் வந்துட்டீங்களா?" என்றார். ரேடியோ அண்ணன் பதிலுக்கு என்னவோ சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

கடைசியாகத் திறந்தது ஒரு நீலக் கேட்டின் வாசலில் இருந்த சின்னத் தொட்டி. முழங்கால் ஆழம்தான் இருக்கும். அந்த ஒரு கட்டடத்துத் தண்ணீர் மட்டும் அதில் வந்து தெருக் குழாயில் சேரும். அதற்குள் பளபளவென்று பச்சைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. காகிதம் ரத்தச் சிவப்பானது.

ரேடியோ அண்ணன் கேட்டை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

அந்தக் கேட் எனக்கு நன்றாகத் தெரியும். நான் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டு டப்பாவோடு என் வீட்டுக்காரர் தினமும் அதற்குள்தான் போகிறார். குழாய், கைப்பிடி, பைக் சாமான்களுக்கு நிக்கல் முலாம் பூசும் பட்டறை. முதலாளி வேறு யாருமில்லை, அவருடைய அக்கா புருஷன். எனக்கு அண்ணன் முறை. அவர் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

பாட்டிலில் பிடித்து, மூடி, நேரம் எழுதி ஒட்டினேன்.

சாயங்காலம் அவர் வந்து சமையலறைக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"இன்னைக்குப் பதினோரு மணிக்குப் பட்டறையில என்ன ஊத்துனீங்க?"

சோப்பு கையிலேயே நின்றது. "எதக் கேக்குற?"

"பச்சையா ஒண்ணு ஊத்துனீங்களே, அதக் கேக்குறேன்."

குழாயை மூடினார். துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். நேரம் கடத்துகிற துடைப்பு.

"முன்னாடி லாரி வந்து எடுத்துட்டுப் போகும். அந்த லாரி நின்னு போச்சு. பின்கட்டு முழுக்க டிரம் சேந்துடுச்சு. மாமா சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"குழாய்ல விட்டா எல்லாம் உன் பொண்டாட்டி பிளான்டுக்குத்தானே போகுது, அங்க சுத்தம் பண்ணிடுவாங்கன்னு."

"நீங்க நம்புனீங்களா?"

"நீதானே சொல்லுவ? ஊர்ல எந்த அழுக்கு வந்தாலும் எங்க பூச்சி தின்னுடும்னு."

சொல்லியிருக்கிறேன். அவர் அக்கா வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என் வேலையை யாரோ கிண்டல் செய்ததற்காக, பெருமையாகச் சொன்னேன். மனிதர் கழித்த அழுக்கைச் சொன்னேன். டிரம் டிரம்மாக விஷத்தைச் சொல்லவில்லை.

"சரி, தெரியாம ஊத்துனீங்க. மீன் செத்தது பேப்பர்ல வந்துச்சே, அப்பத் தெரிஞ்சிருக்கணுமே? எனக்கு மெமோ வந்துச்சே? இதே மேஜையில உக்காந்து அழுதேனே? நீ என்ன பண்ணுன? தண்ணி கொண்டு வந்து குடுத்த. தலையத் தடவுன. சரியாயிடும்ன. அப்ப உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே தடவுன!"

பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அவரை 'நீ' என்றேன். இரண்டு பேருக்குமே அது காதில் விழுந்தது.

அவருக்கும் ரோஷம் வந்தது. "என்ன மட்டும் கேக்குறியே, நீ என்ன பெரிய இவளா? தண்ணி கெட்டுப் போனது உனக்குப் பத்து நாளாத் தெரியுமே. மீன்காரக்காகிட்டப் போய்ச் சொன்னியா? உன் எஞ்சினியர் வாயை மூடுன்னாரு, மூடுன. என் மாமா ஊத்துன்னாரு, ஊத்துனேன்."

கையிலிருந்த கண்ணாடி டம்ளரைப் பாத்திரத் தொட்டியில் எறிந்தேன். உடைந்தது. அவர் சொன்னது உண்மை என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. ஆனால் ஒன்று, அந்த உண்மையை அவர் சொல்லிக் காட்டுவதற்கு வைத்திருந்தார், எனக்குச் செய்வதற்கு வேலை இருந்தது.

"வெள்ளிக்கிழமை ஊத்த மாட்டேன்னு சொல்லு."

"மாமாகிட்டப் பேசிப் பாக்குறேன்."

"பேசிப் பாக்குறியா?"

"அவசரப்பட்டா எப்படி? அக்கா குடும்பம் வேற."

கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன். அவர் பொறுக்க வந்தார், வேண்டாம் என்றேன்.

புதன்கிழமை பாட்டில்களையும் நோட்டையும் எஞ்சினியர் மேஜையில் வரிசையாக வைத்தேன். அவர் நிதானமாக முழுக்கப் படித்தார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. படிக்காமல் தள்ளிவிட்டிருந்தால்கூடச் சோம்பேறி என்று விட்டிருப்பேன்.

"பட்டறை முதலாளி உங்க சொந்தக்காரர்தானே?" என்றார்.

"ஆமா சார்."

"உள்ள வேலை பாக்குறது உங்க வீட்டுக்காரர்."

"ஆமா சார். அவர்தான் ஊத்துனாரு. அதையும் எழுதியிருக்கேன், கடைசிப் பக்கம் பாருங்க."

"நாளைக்கு ஊர் என்னம்மா சொல்லும்? புருஷன் ஊத்துனான், பொண்டாட்டி கண்டுக்காம இருந்தா, குடும்பமாச் சேந்து செஞ்சாங்கன்னு சொல்லும். வீட்டு விஷயத்த வீட்டுக்குள்ளயே முடிச்சுக்குங்க."

"ஆறு எங்க வீட்டுக்குள்ளயா சார் ஓடுது?"

அவருக்கு முகம் சிவந்தது. என் பாட்டில் சாட்சி ஆகாது, மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசிலிருந்து ஆள் வந்து எடுத்தால்தான் செல்லும் என்றார். அவர்களைக் கூப்பிடச் சொன்னேன். எழுதியிருப்பதாகச் சொன்னார். எந்தத் தேதியில் என்றேன். பக்கத்திலிருந்த பைலைத் திறந்து அதில் எதையோ தேட ஆரம்பித்தார். நான் வெளியே வந்தபோதும் தேடிக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து நேராகப் படகுத்துறைக்குப் போனேன். மீன்காரக்கா கவிழ்த்த படகின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். வேலை எதுவும் இல்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பட்டறை, ஆசிட், என் வீட்டுக்காரர், நான் மூடிக்கொண்டிருந்த பத்து நாள். "அக்கா, என்ன மன்னிச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"மன்னிப்பெல்லாம் கேக்காத. மீனைக் கொண்டா" என்றாள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "வெள்ளிக்கிழமை எத்தன மணிக்கு ஊத்துவாங்க?" என்றாள்.

"பதினோரு மணிக்கு."

"சரி போ."

வியாழக்கிழமை அண்ணி வந்தாள். என் வீட்டுக்காரருடைய அக்கா, முதலாளியின் மனைவி. செருப்பைக் கழற்றும்போதே கண் கலங்கியிருந்தது.

"உன்ன என் கூடப் பொறந்தவளாத்தானே நெனச்சேன்" என்றாள். "உனக்கு அப்படி என்ன குறை வச்சோம்? ஊர்ல எல்லாப் பட்டறையும்தான் என்னென்னமோ ஊத்துது. உங்க அண்ணன் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சாரா?"

"அண்ணி, அவர் ஊத்துனதுக்கு என் பேருல மெமோ வந்திருக்கு. அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். பாவமாத்தான் இருந்துச்சு."

"தெரியுமா?"

"உங்க அண்ணன்தான் சொன்னாரு, தங்கச்சிக்கு சின்ன எச்சரிக்கையோட முடிஞ்சிடும், எஞ்சினியர்கிட்டப் பேசிட்டேன்னு."

அவள் அதை எனக்கு ஆறுதலாகச் சொன்னாள். என்ன சொல்லிவிட்டோம் என்றே அவளுக்குப் புரியவில்லை. சின்ன எச்சரிக்கை. எஞ்சினியர் சொன்ன அதே வார்த்தை. எஞ்சினியரும் அண்ணனும் பேசி முடிவு செய்து எழுதிய மெமோ இது, என் குடும்பத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அழுதுகொண்டிருந்த நாத்தனாருக்கு முன்னால் உட்கார்ந்து நான் சிரித்தேன். நல்ல சிரிப்பு இல்லை அது. அவள் பயந்துபோய்ச் செருப்பை மாட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து காய்ச்சல் என்றார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், என் கையைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. ஊற்றப் போகவில்லை, சரி. ஊற்றாதே என்று சொல்லவும் போகவில்லை. போர்வைக்குள் இருந்துகொண்டு இரண்டு பக்கமும் நல்ல பிள்ளை ஆகப் பார்க்கிறார். ஊற்றியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

பிளான்டில் குழாய் ரிப்பேருக்கு வைத்திருக்கும் ரப்பர் பை ஒன்று உண்டு. சுருட்டிக் குழாய்க்குள் சொருகிக் காற்றடித்தால் உப்பி, சொட்டு விடாமல் அடைத்துக்கொள்ளும். அதை எடுக்க எஞ்சினியர் கையெழுத்து வேண்டும். கேட்காமலே எடுத்தேன். பத்தரைக்கு நீலக் கேட் வாசலில் சின்னத் தொட்டியின் மூடியைத் திறந்து, தண்ணீர் வரும் வாயில் பையைச் சொருகினேன். ரேடியோ அண்ணன் கால் பம்பில் மிதித்தார். பிறகு மூடியைப் போட்டு அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க போங்கண்ணே. இது என்னோட போகட்டும்" என்றேன்.

"பேசாம இரும்மா" என்றார். அவர் சொல்லி நான் கேட்டதிலேயே விநோதமான வாக்கியம் அதுதான்.

பதினோரு மணிக்குப் பட்டறைக்குள் டிரம் உருட்டும் சத்தம் கேட்டது. சாதாரணமாக என் வீட்டுக்காரர் உருட்டுவது. அன்று முதலாளியே ஆளை வைத்து உருட்டிக்கொண்டிருந்தார், குரல் வெளியே கேட்டது. ஐந்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் உள்ளே தரைக்கடியில் கொடகொடவென்று ஒரு சத்தம். யாரோ "ஐயோ!" என்றார்கள். முற்றத்துச் சல்லடை மூடியைத் தள்ளிக்கொண்டு பச்சைத் தண்ணீர் மேலே வந்தது. முற்றம் சுவர் எடுத்து, உள்பக்கம் சரிவாகக் கட்டியது. ஊற்றியது ஒரு சொட்டுகூடத் தெருவுக்கு வரவில்லை. அவர் காரின் டயரைச் சுற்றி நின்றது, ஆபீஸ் படியில் ஏறியது, கழிவறைப் பக்கமிருந்து வேறொன்றும் அதோடு சேர்ந்து வந்தது. வேலையாட்கள் பெஞ்சுகளில் ஏறி நின்றார்கள்.

கேட்டைத் திறந்துகொண்டு முதலாளி ஓரமாகத் தாவித் தாவி வந்தார்.

"தங்கச்சி! என்ன பண்ற நீ?"

"சுத்தம் பண்றேன் அண்ணே."

"யாரக் கேட்டு அடைச்ச?"

"யாரக் கேட்டு ஊத்துனீங்க?"

"எடு! எந்திரிய்யா நீ!" என்று ரேடியோ அண்ணன் மேல் பாய்ந்தார். ரேடியோ அண்ணன் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

அதற்குள் தெரு நிறைந்துவிட்டது. மீன்காரக்கா தனியாக வரவில்லை. துறையிலிருந்த பத்துப் படகுக்காரர்களும் வந்திருந்தார்கள், எல்லார் கையிலும் போன். தச்சுப் பட்டறைக்காரர், டயர் கடைக்காரர், செவ்வாய்க்கிழமை எங்களைத் திட்டிய ஆள்கூட நின்றிருந்தார். முதலாளி சட்டென்று குரலை மாற்றிக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லங்க, சாமான் கழுவுன தண்ணி. வெறும் தண்ணி. இதனால யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

மீன்காரக்கா முன்னால் வந்தாள்.

"வெறும் தண்ணியா?"

"ஆமாம்மா."

"அப்ப ஷூவக் கழட்டிட்டு உள்ள இறங்கி நில்லுங்க."

முதலாளி சிரிக்கப் பார்த்தார்.

"எங்க ஆத்துல விடலாம், எங்க புள்ளைங்க அதுல குளிக்கலாம், நாங்க அதுல நின்னு வலை இழுக்கலாம். நீங்க ரெண்டு நிமிஷம் நில்லுங்க. நான் வேணா கூட நிக்கிறேன்."

அவள் உண்மையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்குள் போகக் கிளம்பினாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். முதலாளி இறங்கி நிற்கவில்லை. திருதிருவென்று முழித்ததை ஊரே படம் பிடித்தது.

மூன்று வாரமாக வராத மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ் ஆட்கள் அன்று மூன்று மணி நேரத்தில் வந்தார்கள். அவர்கள் கையாலேயே பாட்டிலில் பிடித்தார்கள். சாயங்காலம் நீலக் கேட்டுக்குச் சீல் வைத்தார்கள்.

அப்புறம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். பக்கத்து ஊர் பிளான்டிலிருந்து ஒரு டாங்கர் நிறையப் பூச்சி கொண்டுவந்து தொட்டியில் விட்டு, ஒரு மாதம் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டோம். தண்ணீர் தெளிந்தது. ஆறு அப்படித் தெளியவில்லை. படகுகள் இன்னும் கவிழ்ந்தே கிடக்கின்றன. என்னை அலட்சியக்காரி என்று முதல் பக்கத்தில் போட்ட பேப்பர், ஆறாம் பக்கத்தில் மூன்று வரி போட்டது, அதில் நான் இல்லை. எஞ்சினியருக்குப் பெரிய ஊருக்கு மாற்றல் ஆனது, ஒரு படி மேலே. எனக்கு இரண்டாவது மெமோ வந்தது, அனுமதியில்லாமல் ரப்பர் பையை எடுத்ததற்கு. முதல் மெமோவையும் இன்றுவரை ரத்து செய்யவில்லை. அண்ணி என்னைப் பார்த்தால் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள். என் வீட்டுக்காரர் இப்போது ஒரு இரும்புக் கடையில் மூட்டை தூக்குகிறார். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சாப்பாடு கட்டிக் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

ஆறு வாரம் கழித்து விசாரணை. மாவட்ட ஆபீஸில் ஒரு நீள மேஜை, அதிகாரி ஒருவர், டைப் அடிக்க ஒரு பெண். முதலாளி வக்கீலோடு வந்து, தனக்கு எதுவும் தெரியாது, வேலையாட்கள் செய்த தவறு என்றார். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். போர்வைக்குள் இருந்தவர்தானே, என்ன சொல்லப்போகிறார் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யார் ஊத்தச் சொன்னது?" என்று அதிகாரி கேட்டார்.

"முதலாளி."

"யார் ஊத்துனது?"

"நான்தான் சார்."

"எத்தனை தடவை?"

"ஏழு தடவை."

திரும்பிப் பார்த்தேன். என் நோட்டில் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஆறுதான் இருந்தது, நான் கண்ணால் பார்த்த செவ்வாயோடு சேர்த்து. அதிகாரி தேதிகளைக் கேட்டார். என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகச் சொன்னார். என்னிடம் இல்லாத ஒன்று, நான் லீவு போட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் கல்யாண நாள். அன்று அவர் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மத்தியானமே வந்தார். எங்கேயாவது போகலாமா என்று அவராகவே கேட்டு என்னை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார். சாயங்காலம்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காலையில் அதை ஊற்றிவிட்டுத்தான் வந்திருந்தார்.

டைப் அடிக்கிற பெண் அந்தத் தேதியையும் அடித்தாள். மற்ற தேதிகள் மாதிரியே.

விசாரணை முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். அவர் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார். பாரம் இறங்கிய நடை.

"உண்மையச் சொல்லிட்டேன்ல?" என்றார்.

"சொன்னீங்க."

"மாமா மூஞ்சியப் பாத்தியா? பதறிட்டாரு."

"கேட்டாங்க. சொன்னீங்க. கேக்குறதுக்கு முன்னாடி நாப்பது நாள் இருந்துச்சு."

பஸ் வந்தது. நல்ல கூட்டம். முன்னால் ஏறினேன், அவர் எனக்குப் பின்னால். கண்டக்டர் கையை நீட்டினார்.

"ஒரு டிக்கெட்" என்றேன்.

கண்டக்டர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் ஒட்டி நின்றவரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் சட்டைப் பையைத் தடவினார், பிறகு பேன்ட் பையை.

"எனக்கும் சேத்து எடு" என்றார், மெதுவாக.

காதில் விழுந்தது. முன்னால் ஜன்னலோரம் ஒரு இடம் காலியானது. போய் உட்கார்ந்தேன்.